நவம்பர் 9: ஜேர்மானிய வரலாற்றில் ஒரு நாள்

'நாள் செய்வது நல்லார் செய்யார்' என்பது தமிழர் வழக்கில் நெடுங்காலமாக நிலவி வரும் முதுமொழி. மனித முயற்சிக்கு அப்பாற்பட்ட ஆற்றலொன்று நாளுக்கும் கோளுக்கும் உண்டு என்ற நம்பிக்கையே அதன் அடித்தளம். இந்நம்பிக்கை கீழைத்தேயத்தவர்க்கு மட்டும் உரியதன்று. அறிவியலிலும் மெய்யியலிலும் முன்னணியில் நின்ற ஜேர்மனியிலும் ஆண்டின் ஒரு குறித்த நாளை 'விதியின் நாள்' என அழைக்கும் வழக்கம் உண்டு. அந்நாள் நவம்பர் 9.

1848 இல் மக்களாட்சிவாதி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டமை, 1918 இல் முடியாட்சி வீழ்ந்து குடியரசு பிரகடனம் செய்யப்பட்டமை, 1923 இல் ஹிட்லரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோல்வியுற்றமை, 1938 இல் யூத வழிபாட்டிடங்கள் தீயிடப்பட்டமை, 1989 இல் பேர்லின் சுவர் திறக்கப்பட்டமை ஆகிய ஐந்தும் இவ்வொரே நாளோடு தொடர்புடையவை. ஒரு நாட்டின் நவீன வரலாற்றினது பெருந் திருப்பங்கள் ஒரே தேதியில் வந்து கூடியமை விதியா, தற்செயலா, அன்றி வேறு காரணத்தின் விளைவா என்னும் வினா ஆராயத்தக்கது. ஆண்டுக்கு 365 நாட்களே உள்ளன. நிகழ்ச்சிகள் செறிந்த வரலாறுடைய எந்த நாட்டிலும் சில தேதிகள் ஒன்றின்மேல் ஒன்றாக வீழ்வது வியப்புக்குரியதன்று. ஆயினும், நவம்பர் 9 இன் கதை முழுவதையும் தற்செயல் என்று ஒதுக்கிவிடவும் இயலாது. இவ்வைந்து நிகழ்ச்சிகளுள் மூன்று ஒன்றையொன்று பற்றிப் பின்னிக் கிடப்பதை அவற்றை வரிசையாக நோக்கும்போது காணலாம்.

பிராங்க்பேர்ட் கனவும் வியன்னாவின் துப்பாக்கியும்

1848 மார்ச் மாதத்தில் ஜேர்மானிய அரசுகள் பலவற்றிலும் புரட்சி வெடித்தது. அதன் பயனாக அவ்வாண்டு மே 18 ஆந் திகதி பிராங்க்பேர்ட் நகரின் புனித பவுல் தேவாலயத்தில் முதலாவது ஜேர்மானியத் தேசிய மன்றம் கூடியது. அம்மன்றத்தின் இடதுசாரி அணியில் முதன்மை பெற்றிருந்தவர் றொபேட் புளூம். கொலோன் நகரில் வறிய குடும்பமொன்றிற் பிறந்த இவர், லைப்சிக் நகர நாடக அரங்கொன்றில் அலுவலராகப் பணியாற்றியவர்; தம் சொந்த முயற்சியாற் கற்று எழுத்தாளராகவும் பதிப்பாளராகவும் உயர்ந்தவர்.

ஒக்டோபரில் வியன்னா மக்கள் பேரரசுக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, தம் அணியின் ஆதரவைத் தெரிவிக்கும் பொருட்டுப் புளூம் அங்கு சென்றார். சென்றவர் கிளர்ச்சியாளருடன் சேர்ந்து போரிடவும் செய்தார். அவுஸ்திரியப் படைகள் நகரைக் கைப்பற்றியதும் அவர் கைதானார். மன்ற உறுப்பினருக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தும் இராணுவ நீதிமன்றம் அதனைப் பொருட்படுத்தவில்லை. நவம்பர் 9 ஆந் திகதி காலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது நாற்பத்தோராவது பிறந்தநாளுக்கு ஒரு நாளே எஞ்சியிருந்தது.

தேசிய மன்றத்தாற் கண்டனந் தெரிவிக்க முடிந்ததேயன்றி வேறெதுவும் செய்ய முடியவில்லை. தனக்கெனப் படையற்ற மன்றத்தின் சட்டம் படையுடைய மன்னர்களைக் கட்டுப்படுத்தாது என்ற உண்மையை அத்துப்பாக்கிகள் உலகறியச் செய்தன. அடுத்த ஆண்டில் மன்றமே கலைந்து போயிற்று.

இருமுறை பிறந்த குடியரசு

எழுபது ஆண்டுகளின் பின்னர் முடியாட்சியின் முறை வந்தது. 1918 செப்டெம்பர் 29 ஆந் திகதி, போரை இனி வெல்ல முடியாது என உணர்ந்த படைத்தலைவர்களான ஹின்டன்பேர்க்கும் லூடென்டோர்வும் உடனடிப் போர்நிறுத்தத்தை வேண்டி நின்றனர். எனினும், ஒக்டோபர் இறுதியில் கடற்படைத் தலைமை பிரித்தானியக் கடற்படைக்கெதிராக இறுதிச் சமரொன்றுக்குக் கட்டளையிட்டது. பயனற்ற சாவுக்குச் செல்ல மாலுமிகள் மறுத்தனர். கீல் துறைமுகத்திற் தொடங்கிய கிளர்ச்சி ஒரு வார காலத்துள் நாடெங்கும் பரவியது. தொழிலாளர், போர்வீரர் சபைகள் நகரந்தோறும் தோன்றின.

நவம்பர் 9 ஆந் திகதி பேர்லின் தொழிலாளர் ஆலைகளை விட்டு வீதிக்கு வந்தனர். பெல்ஜியத்தின் ஸ்பா நகரிலிருந்த பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முடிவெடுக்கத் தயங்கியபோது, அவரது இசைவுக்குக் காத்திராமலே பிரதமர் மக்ஸ் வொன் பாடன் முடிதுறப்பினை அறிவித்து, ஆட்சிப் பொறுப்பைச் சமூக சனநாயகக் கட்சியின் தலைவர் பிரீட்றிக் எபேர்ட்டிடம் ஒப்படைத்தார். பிற்பகல் இரண்டு மணியளவில் அதே கட்சியைச் சேர்ந்த பிலிப் ஷைடமன் பாராளுமன்றச் சாளரமொன்றில் நின்று குடியரசைப் பிரகடனஞ் செய்தார். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்னர், அரண்மனையிலிருந்து கார்ல் லீப்னெக்ட் சோசலிசக் குடியரசைப் பிரகடனஞ் செய்தார். இவ்வாறு அக்குடியரசு பிறந்த நாளன்றே இரண்டு பெயர்களைக் கொண்டிருந்தது. 1919 ஜனவரி 15 ஆந் திகதி லீப்னெக்டும் ரோசா லக்சம்பேர்க்கும் கொல்லப்பட்டதோடு தொழிலாளர் இயக்கத்தின் பிளவு ஆறாத புண்ணாயிற்று.

இதன் விளைவு நாட்காட்டியிலும் புலப்பட்டது. இடதுசாரிகளுக்கு நவம்பர் 9 முற்றுப்பெறாத புரட்சியின் நாள். வலதுசாரிகளுக்கு அது துரோகத்தின் நாள். வைமர் குடியரசு தன் பிறந்த நாளை நாடளாவிய விழாவாகக் கொண்டாடத் துணியாது, அரசியலமைப்பு கைச்சாத்திடப்பட்ட ஓகஸ்ட் 11 ஐயே முதன்மைப்படுத்தியது. உரியவர் கைவிட்ட அந்நாளைக் குடியரசின் பகைவர் தமதாக்கிக் கொண்டனர்.

பழிதீர்க்கும் நாள்

போர்க்களத்தில் வெல்லப்படாத படையை உள்நாட்டவர் முதுகிற் குத்தி வீழ்த்தினர் என்ற கட்டுக்கதை 1918 இன் பின்னர் வேகமாகப் பரவியது. போர்நிறுத்தத்தை முதலில் வேண்டியவர்கள் படைத்தலைவர்களே என்ற உண்மை மறைக்கப்பட்டது. குடியரசை அமைத்தோர் 'நவம்பர்க் குற்றவாளிகள்' எனத் தூற்றப்பட்டனர். ஹிட்லரின் பேச்சுக்களில் இத்தொடர் ஓயாது ஒலித்தது.

1923 இல் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் றூர் பிரதேசத்தை ஆக்கிரமித்திருந்தன. 1914 இல் 4.2 மார்க்காக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, 1923 நவம்பர் பிற்பகுதியில் 4 இலட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க்காக உயர்ந்தது. நடுத்தர வர்க்கத்தாரின் வாழ்நாட் சேமிப்பு ஒரு பாண் வாங்கவும் போதாததாயிற்று. இச்சூழ்நிலையில், புரட்சியின் ஐந்தாண்டு நிறைவையொட்டிய நவம்பர் 8 ஆந் திகதி இரவு, பவேரியாவின் ஆட்சித் தலைவர் குஸ்ராவ் வொன் கார் மியூனிச் மதுபான மண்டபமொன்றில் உரையாற்றிக் கொண்டிருக்கையில், ஆயுதந் தாங்கியோருடன் ஹிட்லர் உட்புகுந்து தேசியப் புரட்சி தொடங்கிவிட்டதென அறிவித்தார். மறுநாள் நண்பகல் ஏறத்தாழ 2,000 பேருடன் நகர மையத்தை நோக்கிச் சென்ற அவரது ஊர்வலம் பொலிசாரின் சூட்டில் சிதறியது. நான்கு பொலிசாரும் அங்கு மாண்டனர். 1924 ஏப்ரிலில் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்ற ஹிட்லர், அவ்வாண்டு டிசெம்பரிலேயே விடுதலையானார்.

இந்நாள் ஹிட்லருக்குத் தற்செயலாக வாய்த்ததன்று. 1918 இன் நவம்பரை இன்னொரு நவம்பரால் அழிப்பதே அவரது நோக்கம். தோல்வியுற்ற அந்த முயற்சியையும் அவர் வீணாக்கவில்லை. அன்று மாண்டவர்களென அவரது இயக்கம் கொண்டாடிய 16 பேருக்குத் தம் நூலின் முதற்பாகத்தைக் காணிக்கையாக்கினார். 1933 இல் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர், ஆண்டுதோறும் நவம்பர் 8 இல் அதே மண்டபத்தில் உரையும், 9 இல் அதே வீதியில் ஊர்வலமும் நடைபெற்றன. 1935 இல் இறந்தவர்களின் எச்சங்கள் மியூனிச்சில் எழுப்பப்பட்ட மண்டபங்களுக்கு மாற்றப்பட்டன. கைவிடப்பட்ட ஒரு நாள் இவ்வாறு ஓர் அரசியல் மதத்தின் திருநாளாயிற்று.

சடங்கிலிருந்து வன்முறைக்கு

1938 ஒக்டோபர் இறுதியில், ஜேர்மனியில் வாழ்ந்த ஏறத்தாழ 17,000 போலந்து யூதர்கள் எல்லைக்குத் துரத்தப்பட்டனர். அவர்களுள் ஒரு குடும்பத்தின் மகனான பதினேழு வயது ஹேர்ஷல் கிறின்ஸ்பான், நவம்பர் 7 ஆந் திகதி பாரிஸிலிருந்த ஜேர்மானியத் தூதரகத்தில் ஏர்ன்ஸ்ட் வொம் ராத் என்னும் அலுவலரைச் சுட்டார். நவம்பர் 9 மாலையில் வொம் ராத் உயிர் நீத்தார்.

அச்செய்தி மியூனிச்சை எட்டியபோது, 1923 இன் நினைவு விருந்துக்காக ஹிட்லரும் நாடெங்கிலுமிருந்து வந்த கட்சித் தலைவர்களும் பழைய நகர மண்டபத்திற் கூடியிருந்தனர். கோயபல்ஸின் வெறியூட்டும் உரையைக் கேட்ட தலைவர்கள் தத்தம் பிரதேசங்களுக்குத் தொலைபேசி மூலம் கட்டளைகளை அனுப்பினர். அவ்விரவிலும் மறுநாளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட யூத வழிபாட்டிடங்கள் எரிக்கப்பட்டன அல்லது சிதைக்கப்பட்டன. ஏறத்தாழ 7,500 கடைகள் நொறுக்கப்பட்டன. ஏறத்தாழ 30,000 யூத ஆடவர் டக்கோ, புக்கன்வால்ட், சக்சன்ஹவுசன் தடுப்பு முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தீயணைப்புப் படையினர் அயலிலுள்ள கட்டடங்களைக் காக்க மட்டுமே பணிக்கப்பட்டனர். கொல்லப்பட்டோர் 91 பேர் என அரசு கூறியது. உண்மைத் தொகை அதனிலும் மிகப் பெரிது. அழிவுக்குட்பட்ட யூத சமூகத்தின் மீதே 100 கோடி மார்க் தண்டப் பணமும் விதிக்கப்பட்டது.

யூதருக்கெதிரான கொள்கையை இந்நாள் தோற்றுவிக்கவில்லை. 1933 இன் பகிஷ்கரிப்பும் 1935 இன் நூரெம்பேர்க் சட்டங்களும் அதற்கு முன்னரே பாதை வகுத்திருந்தன. ஆனால், கட்சித் தலைவர்கள் அனைவரையும் ஓரிடத்திற் கூட்டி, பழிவாங்கும் உணர்வில் ஆழ்த்தி வைத்தது அந்த நினைவுச் சடங்கேயாம். இறந்தோரை நினைவுகூரும் சடங்கு இறப்புக்களை உண்டாக்கும் கருவியாயிற்று. இந்நிகழ்ச்சிக்கு நெடுங்காலம் வழங்கிய 'பளிங்கு இரவு' என்னும் பெயர் உடைந்த கண்ணாடியை நினைவூட்டி உடைந்த மனிதரை மறைப்பதால், இன்று ஜேர்மனியிற் பலர் 'நவம்பர்ப் படுகொலைகள்' எனவே வழங்குகின்றனர்.

சடங்கு தவறாது நிகழும் என்பதை உணர்ந்த இன்னொருவரும் இருந்தார். கியோர்க் எல்சர் என்னும் தச்சுத் தொழிலாளி, பல இரவுகள் மியூனிச் மண்டபத்தில் மறைந்திருந்து, ஹிட்லர் உரையாற்றும் மேடையை ஒட்டிய தூணைக் குடைந்து குண்டொன்றை வைத்தார். 1939 நவம்பர் 8 இரவு அது வெடித்தபோது எட்டுப் பேர் இறந்தனர். ஹிட்லர் வழமைக்கு மாறாகப் பதின்மூன்று நிமிடங்கள் முன்னதாகவே வெளியேறியிருந்தார். எல்சர் 1945 ஏப்ரில் 9 ஆந் திகதி டக்கோவிற் கொல்லப்பட்டார்.

திறந்த சுவரும் தவிர்க்கப்பட்ட விழாவும்

1989 இன் நிகழ்ச்சிக்கும் முன்னையவற்றுக்கும் எத்தொடர்பும் இல்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் ஹங்கேரி தன் மேற்கெல்லையைக் கிழக்கு ஜேர்மானியருக்குத் திறந்துவிட்டது. ஒக்டோபர் 9 இல் லைப்சிக் நகரில் ஏறத்தாழ 70,000 பேர் அச்சமின்றி ஊர்வலஞ் சென்றனர். நெருக்கடிக்குள்ளான அரசு புதிய பிரயாண விதிகளை வரைந்து மறுநாட் காலை வெளியிட எண்ணியிருந்தது. நவம்பர் 9 மாலை பத்திரிகையாளர் மாநாட்டில், முழு விபரமும் அறியாத கட்சிப் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி, விதிகள் உடனடியாக நடைமுறைக்கு வருகின்றன எனக் கூறிவிட்டார். செய்தி கேட்ட மக்கள் எல்லைச் சாவடிகளிற் திரண்டனர். நள்ளிரவுக்கு முன்னர் போர்ன்ஹோல்மர் வீதிச் சாவடி திறக்கப்பட்டது. குறைந்தது 140 உயிர்களைக் கொண்ட சுவர் 28 ஆண்டுகளின் பின்னர் ஒரு குண்டும் வெடியாமற் பொருளிழந்தது.

இந்நாளை நாடு தழுவிய விடுமுறை நாளாக்கலாம் என்ற கருத்து அப்போது எழுந்தது. ஆயினும், வழிபாட்டிடங்கள் எரிந்த இரவில் வாணவேடிக்கை நிகழ்த்துவது தகாது எனப் பலர் உணர்ந்தனர். ஈற்றில், இரு நாடுகளும் சட்டப்படி ஒன்றிணைந்த 1990 ஒக்டோபர் 3 தேசிய நாளாயிற்று. 2018 நவம்பர் 9 இல், குடியரசின் நூற்றாண்டையொட்டிப் பாராளுமன்றத்தில் உரையாற்றிய குடியரசுத் தலைவர் ஷ்டைன்மையர், 1918 இன் சாதனையையும் 1938 இன் கொடுமையையும் ஒருசேர நினைவுகூர்ந்தார்.

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். 1848 உம் 1989 உம் இத்தேதியிற் தற்செயலாக வீழ்ந்தவை. 1923, 1918 ஐப் பழிதீர்க்க எழுந்தது. 1938, 1923 இன் நினைவுச் சடங்கிலிருந்து பிறந்தது. தற்செயலுக்கு விளக்கம் வேண்டுவதில்லை. ஏனைய இரண்டுக்கும் விளக்கம் உண்டு. அவ்விளக்கம் நாளிலன்று, அந்நாளை நினைவிற் கொண்டோரின் நோக்கத்திலேயே உள்ளது. 'விதியின் நாள்' என்ற தொடர், செய்தவரையும் ஏவியவரையும் பார்த்திருந்தவரையும் ஒருங்கே மறைத்துவிடுகின்றது; நாள் செய்தது எனின் குற்றவாளி எவரும் இலர்.

நினைவுநாட்களைக் கைவிடுதலும் இதற்குப் பரிகாரமன்று. வைமர் குடியரசு தன் நாளைக் கைவிட்டமையால் அந்நாள் வெறுமையாக இருக்கவில்லை. வேறொருவர் கைக்கு மாறியது. ஒரு சமூகம் தன் துயர நாட்களையும் வெற்றி நாட்களையும் எவ்வாறு நினைவுகூருகின்றது, அந்நினைவில் மற்றவருடைய இழப்புக்கும் இடம் உண்டா என்பனவே அந்நாட்கள் அடுத்த தலைமுறைக்கு எதனைத் தரும் என்பதைத் தீர்மானிக்கின்றன.