நட்சத்திர மண்டல மையக் கருந்துளைகள்: எக்ஸ் கதிர் ஆராய்ச்சி

நட்சத்திர மண்டலங்களின் மையத்தில் லட்சக்கணக்கான, சில வேளை கோடிக்கணக்கான சூரியன்களின் நிறையை ஒடுக்கிக்கொண்டிருக்கும் கருந்துளைகளிலிருந்து ஒளி வெளிப்படுவதில்லையெனினும், அவற்றை நோக்கிச் சுழன்று விழும் வாயு கடும் உஷ்ணமடைந்து எக்ஸ் கதிர்களை வீசுவதால், அக்கதிர்கள் அவற்றின் இயல்பை அறிதற்குச் சிறந்த சாதனமாகின்றன. பூமியின் வாயுமண்டலம் இக்கதிர்களை உறிஞ்சிவிடுமாதலின், கருவிகளை விண்வெளிக்கே அனுப்ப வேண்டியிருக்கிறது.

இவற்றுள் நமக்கு மிக அண்மையிலுள்ளது, சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில், பால்வீதியின் மையத்தில் அமைந்த சஜிட்டேரியஸ் ஏ-ஸ்டார்; அதன் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 40 லட்சம் மடங்கு. தாம்பரத்தை அடுத்த அஸ்தினாபுரத்தில் ஆடி மாத முன்னிரவில் மொட்டை மாடியில் நின்று தெற்கே நோக்கினால், அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய நடுவே, தனுசு ராசியில் அம்மையம் இருக்கும். இடைப்பட்ட தூசிப்படலம் கண்ணுக்குப் புலனாகும் ஒளியை மறைத்துவிட, வலிய எக்ஸ் கதிர்களோ அதனை ஊடுருவி வந்து சேருகின்றன.

அவற்றைக் கூர்ந்து நோக்கிய கருவிக்குச் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் சூட்டப்பெற்றிருப்பது மிகவும் பொருத்தம். வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஒரு வரம்புண்டென 1930-இல், இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே கணிக்கத் தொடங்கி, கருந்துளைகளைப் பற்றிய சிந்தனைக்கு வழிகோலியவர் அவர். 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் ஏற்றி அனுப்பப்பெற்ற சந்திரா தொலைநோக்கியில், பீப்பாய் வடிவில் ஒன்றனுள் ஒன்றாக அமைந்த நான்கு ஜோடி ஆடிகள் இருக்கின்றன. நேரே மோதினால் ஆடிக்குள் புகுந்து மறையும் எக்ஸ் கதிர்கள், குளத்தில் தாழ எறிந்த ஓட்டாஞ்சில்லைப்போல் அவற்றின்மீது சாய்வாகப் பட்டுத் தெறித்துக் குவிகின்றன.

2000 அக்டோபரில் சஜிட்டேரியஸ் ஏ-ஸ்டார் சில மணி நேரம் திடீரெனப் பிரகாசித்து, உச்ச நிலையில் வழக்கத்தைப்போல் சுமார் 45 மடங்கு ஒளிர்ந்ததைச் சந்திரா பதிவு செய்தது. அவ்வுச்சத்தின் நடுவிலேயே பத்து நிமிஷத்துக்குள் பிரகாசம் ஐந்திலொரு பங்காகக் குன்றிற்று. ஒரு பொருளின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒளி செல்லும் காலத்தினும் குறுகிய பொழுதில் அப்பொருள் முழுவதும் ஒருசேர மங்க இயலாதாகையால், கதிர் பிறந்த இடம் சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைச் சற்றே மிஞ்சிய அளவினுள் அடங்கிவிடுகிறது. வெறும் காலக் கணக்கைக்கொண்டு 26,000 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள இடத்தின் அளவை வரையறுத்த இம்முறையே இத்துறையின் தலைசிறந்த சாதனையெனக் கூறலாம்.

பிரகாசமான மையங்கள் கவனத்தைக் கவர்வது இயல்பேயாயினும், இரையின்றி மங்கிக் கிடப்பவையே அதிகம் போதிக்கின்றன. ஈர்ப்பில் சிக்கிய வாயுவில் நூற்றிலொரு பங்குகூட சஜிட்டேரியஸ் ஏ-ஸ்டாரினுள் சென்று சேர்வதில்லையென்றும், எஞ்சியது வெளியே தள்ளப்படுகிறதென்றும் 2013-இல் வெளியான சந்திரா ஆய்வு காட்டிற்று. 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமெடா மண்டலத்தின் கருந்துளை, நிறையில் நம்முடையதைப்போல் பன்மடங்காயினும், அதுவும் மிக மங்கலானதே. இதற்கு மாறாக, எம்-87 மண்டலத்தின் மையத்திலிருந்து பீறிடும் தாரை சுற்றியுள்ள உஷ்ண வாயுவில் பெருங்குழிவுகளை உண்டாக்கியிருக்கிறது.

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பெற்ற ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி சந்திராவின் கூர்மை பெற்றதன்று. எனினும் அச்செயற்கைக்கோள் புறஊதாக் கதிரையும் எக்ஸ் கதிரையும் ஒரே வேளையில் நோக்க வல்லதாதலின், என்.ஜி.சி. 4151 மண்டலத்தினுடையது போன்ற ஒளிமிக்க மையங்களை ஆராய்வதற்கு உகந்ததாயிற்று.