தேவாங்கு கொடுத்த நாடு

குமரிக்கண்டம் என்ற பெயரைக் கேள்விப்படாத தமிழர் எம்மிடையே அரிது. ஊரில் தமிழ் வாத்தியார் சொல்லக் கேட்டோம். மேடைகளில் கேட்டோம். இங்கு ஒஸ்லோவில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும்போதும், பாடப்புத்தகத்தில் இல்லாவிட்டாலும், எப்படியோ அந்தப் பெயர் வந்துவிடுகிறது. இந்து சமுத்திரத்தில் ஒரு பெருநிலம், அதிலே நாற்பத்தொன்பது நாடுகள், பஃறுளி ஆறு, பாண்டிய அரசர், இரண்டு சங்கங்கள், பிறகு கடல் வந்து எல்லாவற்றையும் கொண்டுபோயிற்று. பிள்ளைகள் கண்ணை விரித்துக்கொண்டு கேட்கிறார்கள். அதே பிள்ளைகள் திங்கட்கிழமை நோர்வேஜியப் பள்ளியில் கண்டத்தட்டுகள் எப்படி நகர்கின்றன என்று படிக்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வயது வந்ததும் ஒன்றை நம்பாமல் விடுகிறார்கள். எதை என்று சொல்லத் தேவையில்லை. அதோடு சேர்த்துச் சங்க இலக்கியத்தையும் அப்பா அம்மா சொல்லும் கதைகளில் ஒன்றாகத் தள்ளிவிடுகிறார்கள். எமக்குக் கவலை தருவது இதுதான். ஆகவே இந்த நாடு எப்படி உண்டாக்கப்பட்டது என்பதை ஒருமுறை பொறுமையாகப் பார்த்துவிடுவது நல்லது.

கதை தொடங்குவது ஒரு விலங்கில். தேவாங்கை எம்மவரில் வன்னிப்பக்கம் வாழ்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். மற்றவர்கள் மெலிந்த பிள்ளையைப் பேசும்போது அதன் பெயரையாவது சொல்லியிருப்பார்கள். கையளவு உடம்பு, குச்சிக் கால்கள், முகத்தை நிறைத்த கண்கள், இரவில் மட்டும் மெல்ல மெல்ல நடமாட்டம். பதினெட்டாம் நூற்றாண்டில் சுவீடன் அரசரின் சேகரிப்பில் இலங்கைத் தேவாங்கு ஒன்று இருந்தது. அதனை விவரித்த லின்னேயஸ், அது இரவில் ஓசையின்றி ஊர்வதை நினைத்து, உரோமர்கள் இறந்தவர்களின் ஆவிகளுக்கு வழங்கிய பெயரை அதற்கு வைத்தார்: லெமூர். 1758இல் அவர் வெளியிட்ட விலங்குப் பட்டியலிலும் இலங்கைத் தேவாங்கு அந்தப் பெயரோடுதான் நிற்கிறது. பின்னாளில் தேவாங்குக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டார்கள். லெமூர் என்பது மடகஸ்கார் தீவில் வாழும் அதன் உறவு விலங்குகளுக்கு உரிய பெயராயிற்று.

மடகஸ்காரில் இந்த லெமூர்கள் ஏராளம். ஆபிரிக்காவில் அவற்றின் உறவினங்கள் சில உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் எமது தேவாங்கு உண்டு. நடுவிலோ பெருங்கடல். நீந்தத் தெரியாத விலங்கு எப்படி இருபுறமும் வாழ்கிறது? லண்டன் விலங்கியற் சங்கத்தின் செயலாளராக இருந்த ஃபிலிப் ஸ்கிளேற்றர் 1864இல் மடகஸ்காரின் பாலூட்டிகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு காலத்தில் அங்கே ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்கவேண்டும் என்று ஊகித்து, அதற்கு லெமூரியா என்று பெயரும் வைத்தார். அந்தக் காலத்தில் இது கிறுக்குத்தனம் அல்ல. கண்டங்கள் நகரும் என்பது எவருக்கும் தெரியாத காலம். எட்டாத இடத்தில் ஒரே விலங்கைக் கண்டால் நடுவே நிலப்பாலம் போடுவதே வழக்கம். 1868இல் ஜேர்மன் அறிஞர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் ஒரு படி மேலே போய் மனித இனமே அங்குதான் தோன்றியிருக்கலாம் என்றார். ஆவிகளின் பெயர் கொண்ட நிலத்தில் மனிதரும் குடியேறிவிட்டனர்.

விஞ்ஞானிகள் இதனை நீண்டகாலம் வைத்திருக்கவில்லை. அல்பிரட் வாலஸ் 1880இலேயே அந்தக் கண்டம் தேவையில்லை என்று எழுதிவிட்டார். லெமூர் போன்ற விலங்குகளின் எச்சங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிடைக்கின்றனவே, அவை முன்னர் எங்கும் பரவியிருந்தன, இடையில் அழிந்து ஓரங்களில் மிஞ்சின என்பது அவர் வாதம். 1912இல் வெக்னர் கண்டங்களே நகர்கின்றன என்றார், கேலி செய்தார்கள், 1930இல் அவர் கிறீன்லாந்துப் பனியில் இறந்துபோனார், 1960களில் அவர் சொன்னது சரி என்று ஏற்கப்பட்டது. அதோடு லெமூரியாவுக்கு விஞ்ஞானத்தில் இடமில்லாமற் போயிற்று. ஆனால் அதற்குள் பிரம்மஞான சபையார் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டனர். பிளவாட்ஸ்கி அம்மையாரின் 1888ஆம் ஆண்டு நூலில் லெமூரியர் முட்டையிட்டு இனம்பெருக்கிய பூதாகாரமான ஆதி இனம். அச்சபையின் தலைமையகம் சென்னை அடையாறு. ஆகவே செய்தி எமக்கு வந்துசேர நாட்கள் செல்லவில்லை.

இனித் தமிழ்ப் பக்கம். கடல் நிலத்தைக் கொண்ட செய்தி எமது நூல்களில் உண்டு, இதை மறுப்பதற்கில்லை. பஃறுளியாற்றையும் குமரிமலையையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கலித்தொகையிலும் குறிப்பு உண்டு. இறையனார் அகப்பொருள் உரை மூன்று சங்கங்களின் கணக்கைத் தருகிறது: முதற்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700, கடைச்சங்கம் 1850. முதற்சங்கப் புலவர்களில் சிவனும் முருகனும் குபேரனும் அடக்கம். இதை வரலாற்றுக் கணக்காக எடுப்பவர் அந்த உறுப்பினர் பட்டியலையும் சேர்த்து எடுக்கவேண்டும். பின்வந்த அடியார்க்குநல்லார் கடல் கொண்ட நிலம் எழுநூற்றுக் காவதம் என்றும், ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு என்று ஏழேழாக நாற்பத்தொன்பது நாடுகள் என்றும் விரித்தார். காவதம் சுமார் பத்து மைல் என்பது வழக்கம். அப்படியானால் ஏழாயிரம் மைல். குமரிமுனையிலிருந்து தெற்கே ஏழாயிரம் மைல் போனால் தென்துருவத்தைத் தாண்டி மறுபக்கம் ஏறத் தொடங்கிவிடுவோம்!

குமரிக்கண்டம் என்ற பெயர் மேற்சொன்ன எதிலும் இல்லை. அது வருவது கச்சியப்பரின் கந்தபுராணத்தில். எமது கோயில்களில் புராணபடனம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அண்டகோசப் படலம் ஞாபகமிருக்கலாம். பரதன் தன் நாட்டை எட்டு ஆண்மக்களுக்கும் குமரி என்ற ஒரே மகளுக்குமாக ஒன்பதாகப் பிரிக்கிறான். மகளின் பங்கு குமரிகண்டம். அது வேதநெறி வழங்கும் நிலம். அது மூழ்கியதாக அங்கே கதை இல்லை. 1930களில்தான் இந்தப் பெயரையும் உரையாசிரியர்களின் கடல்கோளையும் ஸ்கிளேற்றரின் லெமூரியாவையும் ஒன்றாக முடிந்தார்கள். யாழ்ப்பாணத்தவரான ந.சி. கந்தையாபிள்ளை எழுதினார், கா. அப்பாத்துரை தனிநூலே எழுதினார்; தேவநேயப் பாவாணர் மனிதனும் மொழியும் பிறந்த இடமாக அதனை நிறுவ வாழ்நாளைச் செலவிட்டார். இலங்கையிலிருந்து லின்னேயஸ் கைக்குப் போன தேவாங்கு, பேயாகி, விலங்கினமாகி, கண்டமாகித் தமிழரிடமே திரும்பி வந்துசேர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை. இந்தப் பயணத்தை விரிவாக அறிய விரும்புவோர் சுமதி ராமசுவாமி 2004இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தேடிப் படிக்கவேண்டும்.

இவர்களைப் பார்த்துச் சிரிப்பது எமது நோக்கமல்ல. அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை 1883இல் இறையனார் அகப்பொருளையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஏடுகள் கைபட்டால் ஒடியும் நிலையில் இருந்ததைக் கண்டு பதிப்புரையில் மனம் நொந்தவர் அவர். 1892இல் சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சேற்றினார். தமக்கு இப்படியொரு இலக்கியம் இருந்ததே தெரியாமல் வாழ்ந்த சமூகத்துக்கு, ஒரே தலைமுறையில், இருந்ததும் தெரிகிறது, இழந்ததும் தெரிகிறது. முதுநாரை, முதுகுருகு என்று பெயர் மட்டும் மிஞ்சிய நூல்கள். கறையானும் அலட்சியமும் தின்றன என்று ஒப்புக்கொள்வதைவிடக் கடல் கொண்டது என்பது ஆறுதல். யார்மீதும் குற்றமில்லை அல்லவா?

ஒன்றை மட்டும் இங்கே குறித்துவைப்போம். 1981 தைமாதம் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்தது. எம்.ஜி.ஆர். அரசின் ஆதரவில் ப. நீலகண்டன் இயக்கிய குமரிக்கண்டம் பற்றிய படம் அங்கே காட்டப்பட்டது. கடலுள் போன சங்க நூல்களுக்காக மனம் கசியும் படம். அதே ஆண்டு மே 31 இரவு யாழ்ப்பாணம் பொதுநூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள் உட்பட, எரிந்தன. இது உரையாசிரியர் சொன்ன கணக்கல்ல. யார் வைத்த தீ என்பதும் தெரியும்.

இனி ஒஸ்லோவுக்கு வருவோம். தற்செயலாக, இந்து சமுத்திரத்தில் மெய்யாகவே மறைந்த நிலம் ஒன்றைப் பற்றிப் பேசியவர்களில் இந்நகரத்தவரும் உண்டு. ஒஸ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியர் த்றொண்ட் தோர்ஸ்விக்கும் சக ஆய்வாளர்களும் மொரீசியஸ் தீவின் கடற்கரை மணலில் சிர்கோன் என்னும் கனிமத் துணுக்குகளைக் கண்டனர். அந்த மணலைத் தந்த எரிமலைப் பாறைக்கு வயது ஒரு கோடி ஆண்டும் இல்லை. துணுக்குகளோ 66 கோடி முதல் 197 கோடி ஆண்டுவரை பழையவை. அடியிலே ஒரு பழைய நிலத்துண்டு கிடக்கிறது, எரிமலை அதைச் சுரண்டி மேலே கொண்டுவந்தது என்று 2013இல் எழுதி, அதற்கு மொரீசியா எனப் பெயரிட்டனர். உடனே எம்மவர் சிலர் குமரிக்கண்டம் கிடைத்துவிட்டது என்று குதூகலித்தனர். அந்தத் துண்டு பிரிந்து அமிழ்ந்தது இந்தியாவும் மடகஸ்காரும் விலகிய காலத்தில், எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன்னே. அப்போது டைனோசர்கள் உலாவின. தற்கால மனிதருக்கு வயது மூன்று இலட்சம் ஆண்டுகளே. பாண்டியனுக்கு அங்கே வேலையில்லை.

தொயன் தாவரவியற் பூங்காவில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான இடா என்ற புதைபடிவத்தையும் சொல்லவேண்டும். ஜேர்மனியின் மெசெல் குழியில் கிடைத்தது. வயது 4 கோடி 70 இலட்சம் ஆண்டு. பேராசிரியர் யோர்ன் ஹூரும் அதைத் தேடி வாங்குவித்துத் தன் மகளின் பெயரை வைத்தார். 2009இல் அது மனித மூதாதையின் வரிசையில் வரலாம் என்று பெரிய ஆரவாரத்தோடு வெளியிட்டார்கள். மற்ற அறிஞர்கள் பெரும்பாலும் அதை லெமூர் கிளையில் கொண்டுபோய் வைத்துவிட்டனர். ஐரோப்பாவிலேயே லெமூரின் உறவுகள் வாழ்ந்தன என்று வாலஸ் சொன்னதற்கு இதைவிட அழகான சாட்சி வேண்டியதில்லை.

நிலமும் கடலும் இடம் மாறுவதைக் காண்பதற்கு நாம் தூரம் போகவும் வேண்டாம். பனியுகத்தில் தடித்த பனியின் பாரத்தால் நோர்வே அமிழ்ந்து கிடந்தது. பனி உருகியபோது கடல் உள்ளே வந்தது. ஒஸ்லோவில் அன்றைய கரை இன்றைய மட்டத்திலிருந்து ஏறத்தாழ 220 மீற்றர் உயரத்தில் இருந்தது. எம்மவர் நிறையப்பேர் வாழும் குரூருட் பள்ளத்தாக்கின் களிமண் கடலடிச் சேறு. பாரம் நீங்கிய நிலம் இன்னும் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் எழும்பிக்கொண்டிருக்கிறது. எமது பக்கத்திலோ மறுவளம். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு 120 மீற்றர் அளவு கீழே இருந்தது. பாக்குநீரிணை பெரும்பாலும் சில பாகம் ஆழமே. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு நடந்தே போயிருக்கலாம். கடல் ஏறியதும் அது போயிற்று. பஃறுளியாறு இப்படியான ஒரு கரையோர இழப்பின் நினைவாக இருக்கலாம். எமக்கு அது போதும். ஏழாயிரம் மைல் வேண்டாம். கடல் ஏறிய கதை சிங்களவரிடமும் உண்டு: களனி திஸ்ஸன் செய்த பிழைக்குக் கடல் பொங்கியதென்றும், அதைத் தணிக்கக் கடலில் விடப்பட்ட அவன் மகளே துட்டகைமுனுவின் தாயானாள் என்றும் மகாவம்சம் சொல்கிறது. 1964 மார்கழிப் புயலில் தனுஷ்கோடியும் அங்கே வந்துகொண்டிருந்த ரயிலும் போனது எமது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2004 மார்கழி 26ஐ எவருக்கும் நினைவூட்டத் தேவையில்லை.

இவ்வளவையும் எழுதக் காரணம் வேறொன்றும் உண்டு. புலம்பெயர்ந்த நாமும் ஒரு நாட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கிறோமோ என்ற ஐயம். குமரிக்கண்டத்தை எழுதியவர்களின் நூல்களில் அந்நாட்டில் சாதியில்லை, சண்டையில்லை, பசியில்லை. நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஊரும் அப்படித்தான் இருக்கிறது: கிணற்றடி, பனங்கூடல், திருவிழா, ஒடியற்கூழ். கந்தபுராணம் படித்த முருகன் கோயில்களில் ஒன்றான மாவிட்டபுரத்தின் வாசலில் 1968இல் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே விடுமாறு போராடியதை நாம் சொல்வதில்லை. 1990 ஐப்பசியில் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றியதைச் சொல்வதில்லை. அதைக் கடல் கொள்ளவில்லை. அதே ஆண்டு இராணுவத்தால் காலிசெய்யப்பட்ட மயிலிட்டியையும் கடல் கொள்ளவில்லை. 2017 யூலையில் அதன் துறைமுகம் விடுவிக்கப்பட்டபோது வீடுகள் இருந்த இடம் தெரியாமல் மக்கள் மதிலையும் கிணற்றையும் அடையாளம் பிடித்துத் தேடினார்கள். தேடிய ஊர் இருந்தது. தேடினவர்களும் இருந்தார்கள்.

சனிக்கிழமை வகுப்பில் குமரிக்கண்டத்தை விட்டுவிடவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சிலப்பதிகார அடிகளையும் அடியார்க்குநல்லாரையும் ஸ்கிளேற்றரையும் ஒன்றன்பின் ஒன்றாக, ஆண்டுகளோடு, பிள்ளைகள் முன் வைக்கலாம். வளர்ந்த பிள்ளைகள் கதையைவிட அது கட்டப்பட்ட விதத்தை விரும்பிக் கேட்பார்கள். தொயனுக்கும் ஒருநாள் கூட்டிப்போகலாம். கூடவே தேவாங்கைப் பற்றியும் சொல்லலாம். கண்ணுக்காகவும் மருந்துக்காகவும் அதைப் பிடித்துக் கொன்றது எமது சமூகமே. 2022 ஐப்பசியில் தமிழ்நாடு அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்க் காடுகளில் 11,806 ஹெக்டேயர் நிலத்தை இந்தியாவின் முதலாவது தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது. வன்னியில் அதற்கு அப்படியொரு இடம் யாரும் ஒதுக்கவில்லை.