பன்னிரண்டு இலக்கக் கர்ப்பம்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கர்ப்பத்தைப் பதிந்துவைத்தவர் கிராம சுகாதார செவிலியர். ஊராருக்கு அவர் நர்சம்மா. சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. எந்த வீட்டில் யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, மாமியாருக்குத் தெரியாமல் யார் காப்பர்-டி போட்டுக்கொண்டாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எதைப் பதிவேட்டில் ஏற்றுவது, எதை மனதோடு வைத்துக்கொள்வது என்பதும் தெரியும்.

2008இல் 'பிக்மி' என்ற கணினிப் பதிவு வந்தது. கர்ப்பம் உறுதியானது முதல் குழந்தையின் தடுப்பூசி வரை ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிப் பின்தொடரும் ஏற்பாடு. இதன் பயனைக் குறைத்துப் பேச நான் தயாராக இல்லை. முன்பு மேலிடத்துக்குப் போனவை பெரும்பாலும் மொத்த எண்ணிக்கைகள். ரத்தசோகையோடு இரண்டாம் பரிசோதனைக்கு வராமல்போனவள் அந்த மொத்தத்தில் கரைந்துவிடுவாள். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிறவளின் குறிப்பு இந்த ஊர் நோட்டிலேயே தங்கிவிடும். கணினியில் ஏறிய குறிப்பை அந்த ஊர் நர்சம்மாவும் எடுத்துப் பார்க்கலாம்.

ஆனால் கணினி வந்ததும் நோட்டு போய்விடவில்லை. பகலில் வீடுவீடாக நடந்து எழுதியதை மாலையில் உட்கார்ந்து மறுபடி ஏற்றும் வேலை சேர்ந்துகொண்டது. அதுவும் பெண்ணின் தலையில்தான்.

பதிவுக்குக் கிடைக்கும் 12 இலக்க எண் முதலில் பணத்தோடு இணைந்தது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவியைப் பெற அந்த எண் வேண்டும். 2017 அக்டோபர் முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது கட்டாயமானது. உதவி பெறுவதற்கான எண், குழந்தையின் ஆவணத்துக்கு நிபந்தனையானது இப்படித்தான். கணவன் பெயர் சொல்ல விரும்பாதவள், வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவள், கர்ப்பத்தை மறைக்க வேண்டிய நிலையில் இருப்பவள் ஆகியோருக்கு இந்தப் பதிவு என்னவாக இருக்கும்? முன்பு இவர்களுக்காக நர்சம்மா கொஞ்சம் வளைந்துகொடுக்க முடிந்தது. திரையில் காலியாக விட்ட கட்டம் வளைந்துகொடுக்காது.

இதற்குக் கைபேசி எண்ணும் வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி இந்தியப் பெண்களில் 100க்கு 54 பேரிடம்தான் இருந்தது. மற்றவர்களின் பரிசோதனைச் செய்தி கணவனின் கைபேசிக்கோ மாமனாரின் கைபேசிக்கோதான் போயாக வேண்டும்.

பதிகிறவளையும் அந்தக் கருவி விட்டுவைப்பதில்லை. ஹரியானாவில் 2021இல் ஆஷா பணியாளர்கள், வேலைக்காகத் தரப்பட்ட கைபேசியில் ஒரு செயலியை ஏற்றச் சொன்னபோது, அது தங்கள் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் என்று எதிர்த்துப் போராடினார்கள். அவர்களுக்கு முறையான சம்பளம் கிடையாது. அரசின் ஏட்டில் அவர்கள் தன்னார்வலர்கள்.