எஜமானன்–அடிமை ப்ரகரணமும் சேஷ வாக்ய ந்யாயமும்

மூலம் ஒன்றாயிருக்க வியாக்யானங்கள் பலவாய்ப் பிரியுமிடத்து, தாத்பர்யத்தை நிர்ணயிக்கும் வழிகளை மீமாம்ஸகர்கள் வகுத்துள்ளனர். ஸந்தேஹத்திற்கு இடமான வாக்யத்தின் பொருளை அதன் சேஷ வாக்யத்தால் தெளிய வேண்டும் என்பது ஜைமினியின் ந்யாயம். ஜர்மனி தேசத்துத் தத்துவ அறிஞர் ஹேகல் 1807-இல் வெளியிட்ட ‘ஆன்மாவின் நிகழ்வியல்’ என்னும் நூலின் ஒரு ப்ரகரணத்தைக் குறித்துப் பிற்காலத்தார் கொண்ட விவாதத்திலும் இந்த ந்யாயம் பயன்படும்.

அந்நூலின் நான்காம் அத்யாயத்தில் எஜமானன்–அடிமை ப்ரகரணம் வருகிறது. தன்னை அறியும் சைதன்யம் ஒன்று மற்றொன்றின் அங்கீகாரத்தை நாடி, உயிரைப் பணயம் வைத்து அதனோடு போரிடுகிறது. மரண பயத்தால் பணிந்தது அடிமையாகிறது; வென்றது எஜமானனாகிறது. ஆயின், தான் மதியாத ஒருவன் தரும் அங்கீகாரம் எஜமானனுக்கு நிறைவளிப்பதில்லை. அடிமையோ தன் உழைப்பால் பொருளை உருவாக்கி, அதில் தன்னையே காண்கிறான்.

ருஷ்யாவில் பிறந்த அலெக்ஸாந்தர் கொஜேவ் 1933 முதல் 1939 வரை பாரிஸ் நகரில் இந்நூலுக்கு உரை நிகழ்த்தினார். அவ்வுரைகளை ரெமோன் கெனோ தொகுத்து 1947-இல் வெளியிட்டார். அத்தொகுப்பில் இந்த ப்ரகரணத்தின் விளக்கமே முன்னுரையின் ஸ்தானத்தில் நிற்கிறது. எஜமானனும் அடிமையும் வெவ்வேறு மனிதர், மனித சரித்ரம் முழுவதும் இவ்விருவரின் போராட்டமே என்பது கொஜேவின் பக்ஷம்.

ஜான் மெக்டவல் வேறு பொருள் கொண்டார். இங்கு இருவர் இல்லை. ஒரே மனிதனது சைதன்யத்தின் இரு கூறுகளே இவ்வாறு உருவகிக்கப்பட்டன என்றார். முன் ப்ரகரணங்களில் தொடங்கிய அறிவு விசாரம் இதனால் இடையறாது தொடர்கிறது. ஸங்கதியைக் காப்பது இந்தப் பக்ஷத்தின் பலம்.

சேஷ வாக்யம் அதே அத்யாயத்தின் பிற்பகுதியில் கிடைக்கிறது. துயருறும் சைதன்யத்தைக் கூறுமிடத்து, முன்பு எஜமானன், அடிமை என இருவரிடம் பிரிந்து நின்ற இருமை இப்போது ஒன்றினுள்ளேயே அமைந்துவிட்டதாக ஹேகல் தாமே தெரிவிக்கிறார். இப்போது ஒன்றில் எனின், முன்பு இருவரில் என்பது ஸித்தம். ஆகவே மெக்டவலின் பக்ஷத்திற்கு இவ்விடம் பெருந்தடை. இருவர் என்ற அளவில் கொஜேவ் கூறியது நிற்கும். எனினும் அதே வாக்யம் அவரையும் கட்டுப்படுத்துகிறது. இதன்பின் நூல் பகுத்தறிவு, ஸமுதாய வாழ்வு, மதம் ஆகிய படிகளைக் கடந்தே முடிவை அடைகிறது. இடைப்படி ஒன்றை நூல் முழுமைக்கும் தாத்பர்யமாக்க உபஸம்ஹாரம் இடந்தருவதில்லை.

இவ்வடிமை நிலையைச் சேஷத்வத்தோடு ஒப்பிட முற்படுவோரும் இதனை நோக்குதல் தகும். ஹேகல் கூறும் அடிமைத்தனம் பயத்தால் வந்தேறியது, கடக்கப்பட வேண்டியது. சேஷத்வமோ ஆத்மாவுக்கு ஸ்வரூபம், வந்ததுமன்று, நீங்குவதுமன்று. சொல் ஒத்திருப்பது கொண்டு பொருளையும் ஒன்றாக்குதல், முன்பின் பாராது வாக்யத்திற்குப் பொருள் கொள்ளும் குற்றத்தின்பாற்படும்.