விரிசல் தேடிய கருவி வயிற்றுக்கு வந்த கதை

நம்ம என்.டி.டி. லேபில் வெல்டிங் மேல் ப்ரோபை வைத்து எதிரொலி பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? அதே கருவியின் தம்பிதான் இன்று அவசர சிகிச்சைப் பிரிவில் கட்டில் பக்கத்தில் நிற்கிறது.

1955-ல் கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்டு, ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார். உலோக விரிசல் பார்க்கும் கருவியைக் கட்டிகள் மேல் வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சி! நீர்க்கட்டி ஒரு மாதிரியும் சதைக்கட்டி வேறு மாதிரியும் எதிரொலித்தன.

அடுத்த வருஷம் கெல்வின் அண்ட் ஹியூஸ் கம்பெனியின் இளம் இன்ஜினீயர் டாம் பிரவுன் இதைக் கேள்விப்பட்டு, டெலிபோன் டைரக்டரியில் நம்பர் தேடி டொனால்டுக்கே போன் போட்டார். எதிரொலியைப் படமாக வரையும் கருவி அப்படித்தான் உருவானது. தீராத புற்றுநோய் என்று நினைத்த ஒரு பெண்மணிக்கு இருந்தது நீர்க்கட்டிதான் என்று அது காட்ட, ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள். 1958-ல் லான்செட் இதழில் வந்த கட்டுரையில் டாக்டர்கள் பெயரோடு பிரவுன் பெயரும் இருந்தது. இன்ஜினீயருக்கு இதைவிடப் பெரிய பட்டம் வேண்டாம் என்பேன்.

விபத்தில் அடிபட்டவர் கதை வேறு. வெளியே கீறல்கூட இருக்காது, உள்ளே மண்ணீரல் கிழிந்திருக்கும். 1965-லிருந்து, தொப்புளருகே குழாய் செருகி, உப்பு நீர் விட்டு, திரும்ப வடிவதில் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1970, 80-களில் ஐரோப்பிய மருத்துவர்கள் அல்ட்ராசவுண்டை முயன்றார்கள். 1988 டிசம்பர் ஆர்மீனிய பூகம்பத்தில் ஒரே ஆஸ்பத்திரியில் 400 பேரை, ஆளுக்கு ஏறக்குறைய 4 நிமிடத்தில் பார்த்தார்கள்! 1990-களில் அமெரிக்க அறுவை மருத்துவர் கிரேஸ் ரோஸிக்கி போன்றவர்கள் முறைப்படுத்த, 'ஃபாஸ்ட்' என்ற பெயர் நிலைத்தது.

பார்ப்பது நாலே இடம்: கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே, மண்ணீரலைச் சுற்றி, இடுப்புக் குழி, இதயத்தைச் சுற்றி. தேங்கிய ரத்தம் திரையில் கறுப்பாகத் தெரியும். வயிற்றில் கறுப்பு தெரிந்து, பிரஷரும் இறங்கிக்கொண்டே போனால் நேரே தியேட்டர்தான். பிரஷர் நிலையாக இருந்தால் சி.டி. ஸ்கேனுக்கு நேரம் உண்டு. கறுப்பு இல்லையென்றால் காயமே இல்லை என்று அர்த்தமில்லை, சார். குடல் ஓட்டையும் முதுகுப்புற ரத்தக்கசிவும் இதில் தப்பிவிடலாம். அதனால்தான் கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வைத்துப் பார்க்கிறார்கள்.