எந்தக் கால் காலி?

ஏர் ஓட்டியவர்களுக்குத் தெரியும், நேராக உழுவதில் பெரிய வித்தை கிடையாது. வயலின் கடைசிப் பத்தடியில்தான் வேலை இருக்கிறது. இடப்பக்கம் திருப்ப வேண்டுமென்றால் இடத்து மாட்டை நிறுத்திப் பிடித்து, வலத்து மாட்டைச் சுற்றி நடக்க விடுவார்கள். நின்ற மாட்டைச் சுற்றி ஏரே திரும்பிவிடும். டிராக்டரில் இதே வேலையைச் செய்ய, பின்சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு பிரேக் பெடல்கள் உண்டு. இடது பெடலை மிதித்தால் இடது சக்கரம் மட்டும் நிற்கும். வண்டி அதைச் சுற்றிக் கொள்ளும்.

அந்த இரண்டு பெடலை எந்தப் பக்கம் வைப்பது? கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அமெரிக்கக் கம்பெனிகள் இதற்கு ஒரு விடை சொல்லி, மாற்றி, மறுபடி மாற்றி வந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அடியில் இருந்த கேள்வி ஒன்றுதான்: திருப்புகிற அந்த நேரத்தில் ஓட்டுபவரின் எந்தக் கால் சும்மா இருக்கிறது?

ஸ்டியரிங் இருக்கும்போது பிரேக் எதற்கு என்று கார் ஓட்டுபவர்கள் கேட்கலாம். டிராக்டரின் பாரம் பெரும்பாலும் பின்னால். கலப்பை மண்ணில் இறங்கி இழுக்கும்போது முன்சக்கரங்கள் இன்னும் லேசாகிவிடும். உழுத புழுதியில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாலும் அவை திரும்பியபடியே சறுக்கிக்கொண்டு நேராகப் போகும். அப்போது உள்பக்கப் பின்சக்கரத்தைப் பிடித்தால், டிஃபரன்ஷியல் அந்தச் சுழற்சியையும் வெளிச்சக்கரத்துக்கே கொடுத்துவிடும். எஞ்சின் வேகம் மாறாமல், வெளிச்சக்கரம் இரண்டு மடங்கு வேகத்தில் சுழலும். வண்டி நின்ற இடத்திலேயே வட்டம் போடும்.

ஆரம்பகால டிராக்டர்களில் இந்த யோசனை எல்லாம் இல்லை. 1917-இல் வந்த ஃபோர்ட்சனில் தொடக்கத்தில் பிரேக்கே கிடையாது. கிளட்சை மிதித்தால் ஊர்ந்து ஊர்ந்து நின்றுவிடும், அவ்வளவுதான். திருப்பத்துக்குப் பிரேக்கைத் துணைக்கு அழைத்ததில் புகழ்பெற்றது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியின் ஃபார்மால். பருத்தி, மக்காச்சோள வரிசைகளுக்கு இடையே ஓடுவதற்காக 1924-இல் சந்தைக்கு வந்த வண்டி. வரிசை முடியும் இடத்தில் சட்டென்று திரும்பி அடுத்த வரிசைக்குள் நுழைய வேண்டும். அதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு இன்றைக்குப் பார்த்தாலும் அழகு. ஸ்டியரிங் அமைப்பிலிருந்து இரண்டு பக்கமும் கம்பிவடம் பின்னால் ஓடும். ஸ்டியரிங்கை ஓரளவுக்கு மேல் ஒடித்தால் அந்தப் பக்கத்து வடம் இறுகி, அந்தப் பக்கத்துப் பிரேக்கைத் தானே பிடிக்கும். கால் எங்கே இருக்கிறது என்ற கவலையே இல்லை.

ஜான் டியர் வேறு வழியில் போனது. 1934-இல் வந்த அதன் மாடல் ஏ-யில் கிளட்ச் கையால் இயங்கும் நெம்புகோல். ஆக இரண்டு காலும் காலி. இடது பிரேக் இடது காலுக்கு, வலது பிரேக் வலது காலுக்கு. இதைவிடச் சுலபமாக மனசில் பதியும் அமைப்பு வேறு இருக்க முடியாது.

சிக்கல் கிளட்ச் காலுக்கு வந்தபோது தொடங்கியது. ஹென்றி ஃபோர்டும் ஹாரி ஃபெர்குசனும் 1938-இல் கைகுலுக்கிப் பேசி முடித்து, அடுத்த வருடம் 9என் என்ற சாம்பல் நிற டிராக்டரை இறக்கினார்கள். விலை 585 டாலர். கலப்பையை ஹைட்ராலிக்கில் தூக்கும் மூன்று-புள்ளி இணைப்புக்காக அந்த வண்டியை உலகம் கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதன் கால்மிதிப் பலகையை ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். வலப்பக்கம் வலது பிரேக். இடப்பக்கம் இடது பிரேக், அதன் பக்கத்திலேயே கிளட்ச். அதாவது பெடல் மூன்று, கால் இரண்டு. வண்டியை நேராக நிறுத்த மூன்றையும் மிதிக்க வேண்டும். கிளட்சோடு வலது பிரேக்கை மட்டும் மிதித்தால் மூக்கு வலப்பக்கம் இழுக்கும். இடது காலைக் குறுக்காகப் போட்டு, ஒரே பூட்ஸில் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து அமுக்கிப் பழகியவர்கள்தான் நேராக நிறுத்தினார்கள். பேர்பெற்ற பொறியாளர்கள் செய்த வண்டி என்பதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

அதே 1939-இல் வந்த ஃபார்மால் எச், எம் வண்டிகளில் இந்தக் குழப்பம் இல்லை. கிளட்ச் இடப்பக்கம், இரண்டு பிரேக்கும் வலப்பக்கம், அருகருகே, நடுவில் ஒரு கொக்கி. கொக்கியைப் போட்டால் இரண்டும் ஒரே பெடல். எடுத்தால் தனித்தனி. ஃபோர்டும் 1947-இல் 8என் வந்தபோது இரண்டு பிரேக்கையும் வலப்பக்கம் கொண்டுபோய்விட்டது. 1952 வரை 5 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி அது. இடக்காலுக்குக் கிளட்ச், வலக்காலுக்கு இரட்டைப் பிரேக் என்ற ஏற்பாடு பரவலான வழக்கமானது. நம்மூரில் சேறடிக்கிற டிராக்டரில் ஏறி உட்கார்ந்தாலும் இதே அமைப்பைத்தான் பார்க்கலாம்.

இந்த ஏற்பாட்டை மறுபடி கலைத்துப் போட்டது எண்ணெய். ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில் எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றும். பம்பு தள்ளும் எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுற்றும். மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். பம்புக்குள் இருக்கும் சாய்தட்டின் கோணத்தை மாற்றினால் வேகம் மாறும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் வண்டி பின்னால் போகும். போகும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் கிளட்ச் வேண்டாம். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961-இல் விமானம் போல இரையும் எச்டி-340 என்ற டர்பைன் டிராக்டரில் இதைச் சோதித்துப் பார்த்தது. அந்த வண்டி இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து. கம்பெனியின் வீட்டுத்தோட்ட டிராக்டரான கப் கேடட் 123-க்கு 1966-இல் இந்த ஏற்பாடு வந்தது; 1967-இல் பெரிய 656-க்கும் வந்தது. இந்த இரண்டிலும் வேகத்தைக் கையால்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். கால்கள் பிரேக்குக்கே மிச்சம்.

பிறகு ஜப்பானியச் சிறு டிராக்டர்கள் வந்தன. குபோட்டா 1969-இல் எல்200-ஐ அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. தோட்டத்தைவிடப் பெரிய, பண்ணையைவிடச் சிறிய நிலம் வைத்திருந்தவர்களுக்கு இந்த அளவு பிடித்துப்போனது. அவர்கள் உழுததைவிட அள்ளியது அதிகம்: மண், எரு, சரளை, பனி. முன்னால் லோடர் மாட்டினால் வலது கை அதன் நெம்புகோலில், இடது கை ஸ்டியரிங்கில். வேகத்துக்குக் கை ஏது? சாய்தட்டின் கட்டுப்பாடு காலுக்கு இறங்கியது. பெரும்பாலும் வலது காலுக்கு. குபோட்டாவின் பல வண்டிகளில் நுனிக்காலால் அமுக்கினால் முன்னே, குதிகாலால் அமுக்கினால் பின்னே. ஜான் டியரில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என அருகருகே இரண்டு பெடல்.

இங்கேதான் பழைய வழக்கம் காலை வாரியது. கியர் வண்டியின் உடலிலேயே ஹைட்ரோ பெட்டியைப் பொருத்தும்போது பிரேக்குகள் பழைய வலப்பக்கத்திலேயே தங்கிவிடுவது உண்டு. அப்படியானால் ஓட்டுகிற காலும் பிரேக் பிடிக்கிற காலும் ஒன்றே. பிரேக்குக்காகக் காலை எடுத்தால் சாய்தட்டு நடுநிலைக்கு வந்து வண்டியே நின்றுவிடும். நின்ற வண்டியைப் பிரேக் பிடித்துத் திருப்ப முடியுமா? பிரேக்கால் திருப்ப வேண்டுமானால் ஓட்டம் இருந்தாக வேண்டும். இடது காலோ வேலையில்லாமல் பலகையில் கிடக்கும். 9என்னில் ஒரு காலுக்கு இரண்டு வேலை என்று சிரித்தோமே, அதே பிழை கால் மாறி வந்திருக்கிறது. ஹைட்ரோ வண்டிக்கு இரட்டைப் பிரேக்கின் இடம் இடப்பக்கம்தான்; ஓட்டுவது வலது கால், திருப்புவது இடது கால். காரில் வலது காலால் பிரேக் மிதித்துப் பழகியவர்களுக்கு இது இரண்டு நாள் தடுமாற்றம். அவ்வளவே.

மிகச் சிறிய வண்டிகளில் கேள்வியே எழுவதில்லை. ஜான் டியர் 1025ஆர் போன்றவற்றில் இடப்பக்கம் ஒற்றைப் பிரேக் பெடல்தான். பவர் ஸ்டியரிங்கும் நான்கு சக்கர இழுவையும் வந்தபின், முன்சக்கரமே வண்டியை இழுத்துத் திருப்பிவிடும். புல்தரையில் ஒரு சக்கரத்தைப் பூட்டித் திருப்பினால் புல் வேரோடு பெயர்ந்துவிடும் என்பதும் உண்டு. குபோட்டாவின் பெரிய சில மாடல்களில், ஸ்டியரிங் ஓரளவுக்கு மேல் ஒடிந்ததும் முன்சக்கரங்கள் வேகம் பிடித்து மூக்கை இழுத்துக்கொண்டு போகும். ஸ்டியரிங் ஒடிந்ததும் தானே வேலை செய்யும் இந்த ஏற்பாட்டைப் பார்த்தால், ஃபார்மாலின் கம்பிவடம் வேறு உருவில் திரும்பி வந்ததாகவே தோன்றும்.

இரட்டைப் பெடல் உள்ள டிராக்டர் உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு வார்த்தை. வயலில் கொக்கியை எடுத்துவிட்டு ஓட்டியவர், வரப்பேறித் தார்ச்சாலைக்கு வரும்போது அதைத் திரும்பப் போட மறந்துவிடுவார். வேகத்தில் ஒரு பக்கப் பிரேக்கை மட்டும் மிதித்தால் டிராக்டர் குடைசாயக்கூடும். சாலைக்கு ஏறுமுன் குனிந்து கொக்கியைப் போடுங்கள்.