பதிவேட்டினின்று பெயர் நீங்கிய வரலாறு

குற்றஞ் செய்தவனைத் தண்டித்தல் அரசர்க்கு முறை. யாதொரு வழக்கும் இல்லாதிருக்க, ஒருவன் பெயரையும் கைரேகையையும் போலீஸ் பதிவேட்டில் எழுதிக் காத்துவருவது எந்த நீதியின்பாற்படும்? நம் பாட்டன்மார் கேட்ட கேள்வி இது. அவ்வரலாற்றை நம் இளைஞர் அறிதல் வேண்டுமென்றே இதனை எழுதத் துணிந்தோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் 1910-ல் அமைந்த இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. 1985-லேதான் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட ஜில்லாவிற் சேர்ந்தன. 1911-ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை ராஜதானியிலும் அமுலுக்கு வந்தது. மதுரைச் சீமையில் பிரமலைக் கள்ளர் மீதும், 1929-ல் நம் பழைய ஜில்லாவின் ஆப்பநாட்டு மறவர் மீதும் அது ஏவப்பட்டது. பதிவானவர் ரேகை கொடுத்தல் வேண்டும். குறித்த வேளையில் ஆஜராதல் வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டுப் பெறல் வேண்டும். விசாரணையும் தீர்ப்பும் தேவையில்லை, பிறப்பே போதுமாயிற்று. 1920 ஏப்ரல் 3-ந் தேதி, உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்த மக்கள் போலீசாரின் துப்பாக்கிக்கு இரையாயினர்.

அதே 1920-ல் சர்க்கார் கைதிகளை அடையாளங் காணும் சட்டம் ஒன்றையும் இயற்றிற்று. கடுந்தண்டனை முன்பெறாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டால், அதிகாரிகள் காரணம் எழுதி வேறுவிதமாக உத்தரவிட்டாலன்றி, அவருடைய அளவுகளையும் புகைப்படங்களையும் அழித்தல் அல்லது அவரிடமே ஒப்படைத்தல் வேண்டும் என்றது அதன் 7-வது பிரிவு. கைதான தனி மனிதனுக்குக் கிட்டிய இந்நியாயம், கைதே ஆகாத குலத்தாருக்குக் கிட்டவில்லை. 1924-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் ஜில்லா மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். பெயரை அழிப்பதும் வைப்பதும் அவர் இஷ்டம். சர்க்காரின் அறிவிக்கை செல்லுமா என்று கேட்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரமில்லை.

ஜார்ஜ் ஜோசப், பசும்பொன் உ. முத்துராமலிங்கத் தேவர் முதலியோரும், பெயர் தெரியாத எண்ணிறந்த கிராமத்தாரும் இதனை எதிர்த்துப் போராடினர். 1947-ல் சென்னை ராஜதானியில் அச்சட்டம் ஒழிந்தது. 1952 ஆகஸ்டு 31 முதல் இந்தியா முழுமையிலும் ஒழிந்தது.

இனி இன்றைய நிலையைக் கூறுவோம். 1920-ஆம் ஆண்டு அடையாளச் சட்டத்திற்குப் பதிலாகப் புதிய சட்டம் 2022 ஆகஸ்டு 4 முதல் அமுலில் உள்ளது. ரேகை முதலிய அளவுகளை 75 ஆண்டு வைத்திருக்க அது இடந்தருகிறது. எனினும் முன் தண்டனை இல்லாதவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலும், குற்றமற்றவரென விடுதலையானாலும், சட்ட வழிகள் யாவும் முடிந்தபின், கோர்ட்டாவது மாஜிஸ்திரேட்டாவது காரணம் எழுதி வேறுவிதமாக உத்தரவிட்டாலன்றி, அவற்றை அழித்தே தீரவேண்டும். இதற்கென மாநில சர்க்கார் நியமித்த அதிகாரியிடம் மனுச் செய்துகொள்ள விதியும் உண்டு. இது அளவுகளைப் பற்றியதே. முதல் தகவல் அறிக்கை வேறு. வழக்கு முடித்துவைக்கப்பட்டிருப்பின், இராஜபாளையத்திலாயினும் ஸ்ரீவில்லிபுத்தூரிலாயினும் உரிய மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அவ்வுத்தரவின் நகலைப் பெற்றுப் பத்திரப்படுத்துதல் நலம். உத்தியோகத்திற்கும் பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் விசாரணை வருங்கால் அது கைகொடுக்கும்.

முறையிட்டும் கேட்பாரற்ற நம் முன்னோர் 36 ஆண்டு போராடினர். நமக்கோ மனுச் செய்ய வழி திறந்திருக்கிறது. அவ்வழியில் நடவாதிருப்பது அவர்கள் பட்ட பாட்டை மறப்பதாகும்.